பென்ஷன் வரட்டும் என்று சொன்னவர்

என் அக்கா அழகுத்தாயும் அவள் வீட்டுக்காரர் தனுஷ்கோடியும் முப்பது வருஷம் மில் கேட்டில் குடும்பம் நடத்தியவர்கள். கேலிக்காகச் சொல்லவில்லை, நடந்ததே அதுதான். இருவருக்கும் ராஜபாளையத்தில் ஒரே நூல் மில்லில் வேலை. அக்காவுக்குக் காலை ஷிப்ட், அத்தானுக்கு மதிய ஷிப்ட். மதியம் சங்கு ஊதியதும் அவள் வெளியே வருவாள், அவர் உள்ளே போவார். வாட்ச்மேன் கூண்டின் நிழலில் இரண்டு பேரும் சற்று நிற்பார்கள்.

“பொன்மணிக்கு மேலு சுடுது. மருந்து குடுத்து சுடலையம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்” என்பார் அவர்.

“ராத்திரிக்கு ரசம் மூடி வச்சிருப்பேன். மறக்காம சூடு பண்ணிக்கோங்க” என்பாள் அவள். அதற்குள் பின்னால் வரும் கூட்டம் இடிக்கும். அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் மில் பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

மூத்தவள் பொன்மணி பிறந்தபோது ஏற்பட்ட ஏற்பாடு இது. எங்கள் அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அத்தான் பக்கத்திலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டு சம்பளம் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வாடகை கொடுத்துக் காலம் தள்ள முடியாது. அதனால் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வீட்டில் இருப்பது என்று முடிவானது. இடையில் விழுகிற கொஞ்ச நேரத்துக்குப் பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள் பார்த்துக்கொள்வாள். மில்லில் ஷிப்ட் வாரா வாரம் மாறும். அத்தான் அங்கே இங்கே கெஞ்சி, மற்ற ஃபிட்டர்களோடு மாற்றிக்கொண்டு, மதிய ஷிப்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சதீஷ் பிறந்தான். ஏற்பாடு கெட்டிப்பட்டது.

சரி, வார லீவு என்று ஒன்று உண்டே என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். அக்காவுக்கு லீவு உண்டு. ஆனால் மெஷின் ஓடாத நாளில்தான் ஃபிட்டருக்கு வேலை அதிகம். ஓடுகிற மெஷினைக் கழற்ற முடியுமா? மில் நிற்கிற அன்றைக்கு அத்தான் ஸ்பேனரோடு மெஷினுக்கு அடியில் கிடப்பார். கல்யாணம் காதுகுத்துக்கு ஒருத்தர்தான் வருவார்கள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்றே நினைத்திருந்தார்கள். பேச நேரம் இருந்தால் அல்லவா பேச்சு நிற்பதற்கு.

அக்கா நகை கேட்டவள் இல்லை, பட்டுச் சேலை கேட்டவள் இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேளை சூடாகச் சாப்பிட வேண்டும், சாப்பிட்டுவிட்டு எந்த அவசரமும் இல்லாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். புரட்டாசி சனிக்கிழமை திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கச் சேர்ந்து மலையேற வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு எந்தத் திருவண்ணாமலை என்று சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இது எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற மலை. வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடலாம். அதற்குக்கூட அத்தானின் பதில், “பென்ஷன் வரட்டும் அழகு” என்பதுதான்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஊர் சொல்லும். எங்கள் அத்தானுக்குப் பென்ஷன் பிறக்க வேண்டும். செண்பகத்தோப்புப் பக்கம் போய் ஆற்றில் குளித்துவிட்டு வரலாம் என்று பிள்ளைகள் கேட்டாலும் அதே பதில். என் கல்யாணத்துக்கே மனுஷர் தாலி கட்டி முடித்த பிறகு வந்து, பந்தியில் உட்காராமல் மில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் ரொம்ப நாள் ஆறவில்லை. நான் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவன். ஊரில் எவன் வீட்டு விசேஷத்துக்கு எவன் வந்தான், எவன் வரவில்லை என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஒரு வழியாக அவருக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. மில்காரர்களுக்கு வருவது பி.எஃப். பென்ஷன். சர்க்கார் உத்தியோகப் பென்ஷன் என்று நினைத்துவிட வேண்டாம். அதை வைத்துக் கஞ்சி குடிக்கலாம், கறி எடுக்க யோசிக்க வேண்டும். ஆனாலும் மாதா மாதம் பேங்கில் விழுந்தது. அதற்குள் பொன்மணியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. சதீஷ் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். வாடகை வீடு போய்ச் சொந்த வீடு வந்திருந்தது. மாலை போட்டு, எவர்சில்வர் தட்டு கொடுத்து மில்லில் அனுப்பி வைத்தார்கள். அக்கா அன்றைக்கு லீவு போட்டுப் பாயசம் வைத்தாள்.

அந்தப் பென்ஷனில் ஒரு வசதி இருந்தது. அதை வாங்கிக்கொண்டே வேலையும் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த வசதிதான் அவரைக் கெடுத்தது. மாலை வாடுவதற்கு முன்னால் மில்லிலிருந்து ஆள் வந்தது. பழைய மெஷின்களின் நெளிவு சுளிவு தெரிந்த ஃபிட்டர் கிடைக்கவில்லை, கான்ட்ராக்டில் வாரம் நாலு நாள் வந்து போகச் சொன்னார்கள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மிச்ச நாட்களில் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்கு ரிப்பேர் பார்க்கப் போனார்.

“ஒரேயடியா நின்னா ஒடம்பு கெட்டுப்போயிரும் மாப்ளே. கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சுக்கணும்” என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார்.

அக்கா அவரைவிட மூன்று வயது சின்னவள். அவள் வைண்டிங்கில், அதாவது நூலைக் கோனில் சுற்றுகிற மெஷினில், இன்னும் வேலையில் இருந்தாள். “எனக்கும் பென்ஷன் வரட்டும்டா தவசி, பொறவு ரெண்டு பேரும் சேந்தே கொறைச்சுக்குவோம்” என்று என்னிடம் சொன்னாள். அப்போதுகூட அவள் முகத்தில் ஆசை இருந்தது. நான் பார்த்தேன்.

அவளுக்கும் ஐம்பத்தெட்டு ஆனது, அவளுக்கும் பென்ஷன் வந்தது. அந்த நேரம் பார்த்து மில்லில் ஆள் தட்டுப்பாடு. ஓய்வு பெற்றவர்கள் அரை ஷிப்ட் வந்தால் போதும், காலையோ மதியமோ அவரவர் சௌகரியம் என்று சொல்லிவிட்டார்கள். இவர்களுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது எனக்கு. இருவரும் காலையில் ஒரே பஸ்ஸில் போய், மதியம் ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம். மதியத்துக்குப் பிறகு வீடு அவர்களுக்கு.

அன்று சாயங்காலம் நான் அங்கே போயிருந்தேன். அத்தான் ஆபீசில் பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் ரொம்பத் திருப்தியாக, “எல்லாம் சொல்லிட்டேன் மாப்ளே. ஒங்க அக்காவுக்குக் காலையில, எனக்கு மதியம்” என்றார்.

எனக்குச் சட்டென்று ஏறிவிட்டது. “ஏன் அத்தான், ரெண்டு பேரும் காலையிலேயே போயிட்டு வந்தா என்ன?”

“வீடு பூட்டிக் கெடக்குமே.”

“கெடந்தா கெடக்கட்டும்! உள்ள என்ன, தொட்டில்ல பச்சப்புள்ளையா கெடக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் கூடத்தைப் பார்த்தார். சத்தியமாக அந்த மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை. ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே என்று இருந்து இருந்து, அதற்கான காரணம் போய்ப் பல வருஷம் ஆனதைக் கவனிக்கவில்லை. அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அங்கே சத்தம் நின்றதிலிருந்து தெரிந்தது.

“அட, ஆமால்ல” என்றார் அத்தான். “சரி, இப்பத்தான எழுதிக் குடுத்தேன். அடுத்த மாசம் மாத்திக் கேட்டுக்கிடுதேன்.”

உள்ளே மறுபடியும் பாத்திரம் தேய்க்கும் சத்தம் வந்தது. அந்த அடுத்த மாசம் வரவே இல்லை. காலையில் வேறொரு ஃபிட்டரைப் போட்டுவிட்டார்கள், தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று இரண்டு வருஷம் போய்விட்டது. வாய்விட்டு இரண்டு வார்த்தை கேட்டால் முடிகிற காரியம். சொல்லும்போதே இப்போதும் எனக்கு எரிகிறது.

அந்த இரண்டு வருஷத்தில் அக்காவுக்கு ஒரு பகல் கிடைத்தது, தனியாக. அவள் வந்து இறங்கும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார். தலையில் ஒட்டிய பஞ்சு போகக் குளிப்பாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து போனில் பழைய பாட்டு கேட்டபடி சாப்பிடுவாள். கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஈரத் தலையை விரித்துப் போட்டுத் தூங்குவாள். எழுந்து காப்பி குடித்துவிட்டுத் தெருப் பெண்களோடு வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போய்விடுவாள். அத்தான் வரும்போது மேஜையில் சோறு மூடியிருக்கும். சாப்பிட்டுவிட்டு டி.வி. முன்னால் தூங்கிப் போவார். புரட்டாசி வந்தால் அவள் அதே தெருப் பாண்டீஸ்வரியம்மாள் கூட்டத்தோடு மலைக்குப் போய் வந்தாள். எங்கும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. நான்கூட, பரவாயில்லை, அக்கா சந்தோஷமாக இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

போன வருஷம் ஆவணியில் அத்தான் மில்லில் ஏணியிலிருந்து கால் தவறி விழுந்தார். அடி பெரிதாக இல்லை, முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் மனுஷர் பயந்துவிட்டார். மறுநாள் என் கடைக்கு வந்து, கவிழ்த்து வைத்திருந்த அண்டா மேல் உட்கார்ந்தார்.

“கீழ கெடக்கும்போது எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா மாப்ளே? இப்பிடியே போயிருந்தா, அவகூட ஒக்காந்து ஒரு வாய் சோறு திங்காமப் போயிருப்பேன். போதும். நான் நின்னுக்கிட்டேன்.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இவ்வளவு வருஷம் கழித்தாவது புத்தி வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்தான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் அவர் மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு தலைவாழை இலை வாங்கினார். சமைக்கத் தெரியாது, ஆனால் அக்கா காலையில் செய்து வைத்துப் போனதையெல்லாம் சூடு பண்ணி, இலை போட்டு, தண்ணீர் வைத்துக் காத்திருந்தார். அக்கா வந்தாள், குளித்தாள். இரண்டு இலையையும் பார்த்தாள்.

“நீங்க சாப்பிடுங்க. எனக்கு இப்பப் பசிக்கல” என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். அவர் கை கழுவியதும் அவள் தட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படி, அதற்கடுத்த நாளும் அப்படி. தூங்கவும் இல்லை. அவர் கூடத்தில் நாற்காலியில் இருந்ததால் அடுக்களைக்குள் முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவர் பேச வந்தால் பதில் சொல்வாள். கேட்டதற்கு மட்டும் சொல்வாள்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை அத்தான் வேட்டி கட்டி விபூதி பூசி, இல்லை, அன்றைக்கு நாமமே போட்டுக்கொண்டு, “நானும் வாரேன் அழகு” என்று நின்றார். “வாங்க” என்றாள். போனார்கள். படியில் அவள் பெண்களோடு முன்னால் ஏறிப் போக, இவர் எல்லோருடைய பைகளையும் சுமந்துகொண்டு பின்னால் போயிருக்கிறார். மேலே ஒரு இடத்தில் அக்கா, “எங்க வீட்டுக்காரரு” என்று ஒருத்தியிடம் காட்டினாளாம். அந்த அம்மாள் வாயைப் பிளந்து, “அப்பிடியா! நீ தனியாவே வாரியா, அவிய துபாய்லயோ எங்கயோ இருக்காகன்னுல்ல நெனச்சேன்” என்றாளாம். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். இதை என்னிடம் சொன்னபோதும் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

ஐப்பசியில் அக்கா மில்லில் போய், அரை ஷிப்ட் வேண்டாம், முழு ஷிப்ட் வருகிறேன் என்று கேட்டுவிட்டு வந்த செய்தி என் காதுக்கு வந்தது. வேலையைக் குறைக்க வேண்டிய வயதில், பென்ஷன் வாங்குகிறவள், கூட்டிக் கேட்கிறாள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

அத்தான் பின்பக்கம் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா அடுக்களையில் இருந்தாள்.

“என்னக்கா இது? அவரு வேலைய விட்டுட்டு ஒனக்காக வந்து ஒக்காந்திருக்காரு. நீ தப்பிச்சு ஓடப் பாக்கியா? அம்புட்டுக் கோவமா?”

“சத்தம் போடாதலே” என்றாள் அக்கா. “கோவம்லாம் இல்ல. கோவம் இருந்தா நல்லால்ல இருக்கும்? நாலு சண்டை போட்டு, அழுது, முடிச்சுக்கிடலாம்.”

“பொறவு என்ன?”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அவியளுக்காகக் காத்துக்கிட்டு ஒருத்தி இருந்தாடா தவசி. தெனமும் காத்திருந்தா. வருவாக, பென்ஷன் வந்ததும் வருவாக, அரை ஷிப்ட் ஆனதும் வருவாகன்னு. அவ எப்பப் போனான்னு நானும் பாக்கல, அவியளும் பாக்கல. இப்ப வந்து கூப்பிட்டா நான் எங்க போயித் தேட? அவிய நல்லவுகதான். ஒரு சுடுசொல் சொன்னதில்ல. ஆனா வீட்டுல ஆளு இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. காலை நீட்டிப் படுக்க முடியல. அவிய இல்லாத வீடுதான் எனக்கு வீடாப் பழகிருச்சு. நான் என்ன செய்யட்டும், சொல்லு.”

நான் நாலு ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போகிறவன், வாய்ப்பேச்சில் யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஆனால் அவள் சொன்னதில் எங்கே கையை வைப்பது? அத்தான் மேல் இத்தனை வருஷம் வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், அதுவும் அந்த நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

திரும்பினால் பின்வாசலில் அத்தான் நிற்கிறார், கையில் ஸ்பேனரோடு. எல்லாம் கேட்டிருப்பார். “குழாய் சரியாயிருச்சு அழகு, இனி ஒழுகாது” என்றார். ஸ்பேனரைப் பைக்குள் போட்டுவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு என்னோடு தெருவுக்கு வந்தார். கோயில் முனை வரைக்கும் கூடவே நடந்தார். பிரியும்போது, “மில்லுல ஒரு தடவை கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பான் மாப்ளே. நான் கேக்கல” என்று மட்டும் சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எத்தனையோ பேரைக் குத்திக்காட்டியிருக்கிறேன். அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

அதற்கடுத்த நாள் அவள் வருகிற நேரத்துக்கு முன்னாலேயே, தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு அத்தான் என் கடைக்கு வந்துவிட்டார். “கணக்குப் பாக்க, பாத்திரம் எண்ண ஒனக்கும் ஆளு வேணும்ல” என்று ஒரு சாக்குச் சொன்னார். எனக்கு ஆள் வேண்டியதில்லை என்று அவருக்கும் தெரியும். அக்கா முழு ஷிப்ட் வேண்டாம் என்று மில்லில் சொல்லிவிட்டாள். கொஞ்ச நாளில் அரை ஷிப்டையும் விட்டுவிட்டாள். இப்போது அவள் காலையிலும் வீட்டில்தான். ஆனாலும் அத்தான் பதினோரு மணி வாக்கில் கிளம்பி வந்துவிடுகிறார். அவள் கோயிலுக்குப் புறப்பட்டுப் போயிருப்பாள் என்று தெரிந்த பிறகுதான் எழுந்து போவார். அவள் முகம் தெளிந்திருக்கிறது. “ஒங்க அத்தானுக்குக் கொழம்பு கூடக் கொஞ்சம் வச்சிருக்கேன், ஒனக்கும் சேத்து” என்று போனில் சொல்கிறாள். நாங்கள் இருவரும் அண்டா, குண்டாவுக்கு நடுவில் உட்கார்ந்து அவள் சமைத்ததைச் சாப்பிடுகிறோம்.

நேற்று கல்யாண வீடு ஒன்றும் இல்லை. வானம் மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, பெருந்தூறல் விழ ஆரம்பித்தது. ஷட்டரை இறக்கிவிட்டு நானும் போகலாம் என்று பார்த்தேன்.

“மழை பிடிச்சிரும் அத்தான், வீட்டுக்குப் போங்க” என்றேன்.

அத்தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நனையாமல் இருக்க நாற்காலியை உள்பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இப்பத்தான் படுத்திருப்பா மாப்ளே. நான் போனா எந்திரிச்சிருவா.”